கட்டிலை ஒட்டிப் போடவும்

இப்போது நீங்கள் நோயாளிக்குக் கொடுத்து அனுப்புகிற மூச்சுக் கருவி பொல்லாதது. ராத்திரி எப்போது முகமூடியை மாட்டினார், எப்போது கழற்றினார், எவ்வளவு காற்று ஒழுகியது என்று அத்தனையையும் விடிந்ததும் உங்கள் கைப்பேசிக்குக் கோள் சொல்லிவிடுகிறது. உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தபோது பார்த்தேன். ஒரு பிள்ளை திரையை ஒரு பார்வை பார்த்தது, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று தட்டியது, அடுத்த ஆளைக் கூப்பிட்டது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபப்படுகிற வயதைத் தாண்டிவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள், நான் நம்புவதில்லை.

அந்தப் பிள்ளையைத் திட்டுவதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். முகமூடி மாட்டுவது எப்படி, அழுத்தம் வைப்பது எப்படி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு மனிதரையும் அவருடைய குறட்டையையும் பற்றி.

சேலத்தில் ஒரு சின்ன நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் எழுபதுகளில் நர்சாகச் சேர்ந்தேன். காசம், ஆஸ்துமா, தறிப் பட்டறைகளில் பஞ்சு மூச்சில் போய் வருகிற இருமல், இவைதான் எங்களுக்குத் தினசரிப் பாடு. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிற நோய் ஒன்று உண்டு என்பதையே எண்பதுகளில்தான் நான் கேள்விப்பட்டேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த எங்கள் டாக்டர்தான் சொன்னார். குறட்டையை நோய் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பக்கம் பாதி ஆண்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்குமே டாக்டர் என்று கேட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டு, நிற்காத குறட்டையைப் பற்றிக் கவலைப்படாதே, நின்று நின்று வருகிற குறட்டையைக் கவனி என்றார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் அருமைக்காரர் வந்தார். பெயர் வேறு இருந்தது. பெயரைக் கேட்ட டாக்டரிடம் முதல் பாதியைச் சொன்னார், மறு பாதி வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். கூட வந்திருந்த தங்கை வீட்டுக்காரர்தான் மீதியைச் சொன்னார். அதற்குள் அறை முழுக்க அவருடைய குறட்டை நிறைந்துவிட்டதால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஊரே கூப்பிடுகிற மாதிரி நாங்களும் கடைசி வரை அருமைக்காரர் என்றே கூப்பிட்டோம்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சீர் என்கிற கல்யாணச் சடங்குகளை முன்னால் நின்று நடத்திவைத்து, கையில் அருகம்புல் எடுத்துப் பெண் மாப்பிள்ளையை வாழ்த்துகிற பெரியவருக்கு அருமைக்காரர் என்று பெயர். நினைத்தவர்கள் எல்லாம் ஆகிவிட முடியாது. புருசனும் பெண்சாதியுமாக அதற்கென்று உள்ள சீரைச் செய்துகொண்டு, நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறவர் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். வெண்ணந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நம்மவர் அந்த மரியாதையோடு இருந்தார். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தோள். உதட்டை முழுசாக மறைத்துக்கொண்டு ஒரு மீசை.

அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு மைக் செட். அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாணத்தில் அருகம்புல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வாழ்த்த உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. தென்னை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் வழியாக அவருடைய குறட்டை பக்கத்து ஊர் வரைக்கும் போய் வாழ்த்திவிட்டு வந்ததாம். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெண் வீட்டார் சிரிக்கவில்லை, சகுனம் சரியில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அதிலிருந்து அவரை யாரும் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை.

வைகாசியில் அவருடைய தங்கை மகளுக்கே கல்யாணம். தங்கை வீட்டுக்காரர் எங்களிடம் தனியாக வந்து விசயத்தைச் சொன்னார். சம்பந்தி வீட்டார் வேறு ஊர் அருமைக்காரரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களாம். சொந்தத் தங்கை வீட்டுக் கல்யாணத்திலேயே அவரை உட்காரவைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டால், அதற்குப் பிறகு அந்த மனுசன் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றார்.

அன்றைக்கு எங்களிடம் தூக்கத்தைப் பரிசோதிக்க ஒரு கருவியும் கிடையாது. நான்தான் கருவி. வார்டில் அவரைத் தூங்கவைத்துவிட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூச்சு நிற்பதையும் வருவதையும் பார்த்துக் காலையில் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் அவரை எழுப்பி உட்காரவைத்து, இரண்டே வழிதான் இருக்கிறது என்றார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கலாம். இல்லையென்றால் மூக்கு வழியாகக் காற்றை அழுத்தமாகச் செலுத்தி, தொண்டை மூடாமல் வைத்திருக்கிற ஒரு மெசின் வெளிநாட்டில் புதிதாக வந்திருக்கிறது, அதை வரவழைக்கலாம்.

அருமைக்காரர் இதைக் கேட்கும்போது நல்லவேளையாக விழித்திருந்தார். "தொண்டையில ஓட்டையப் போட்டுக்கிட்டு எப்படிங்க வாழ்த்தறது" என்று மட்டும் கேட்டார்.

அவர் மனைவி பாவாயம்மாளின் அண்ணன் மகன் ஆஸ்திரேலியாவில் இருந்தான். டாக்டர் அவனுக்கு விவரம் எழுதினார். ஊர்த் திருவிழாவுக்கு வந்தவன் மெசினைக் கொண்டுவந்து சேர்த்தான். உங்களுடையது புத்தக அளவு. அது ஒரு அரை மூட்டை அரிசி அளவு இருந்தது, இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். அதன் பிளக் நம் சுவரில் நுழையவில்லை. மோட்டார் வைண்டிங் செய்கிறவர் ஒருவர் வந்து வேறு பிளக் போட்டுக் கொடுத்தார். ஓடவிட்டால் எதிர்த்தெருவில் மாவு மில் ஓடுகிற சத்தம். மூக்கில் மாட்டும் முகமூடியைப் பார்த்ததும், எருதுக்கு வாய்ப்பூட்டுப் போடுகிற மாதிரி இருக்கிறதே என்று அவரே சிரித்துக்கொண்டார். மாட்டிப் படுக்கவைத்தோம். வார்டில் அன்றைக்கு மற்ற நோயாளிகளும் தூங்கினார்கள்.

பிறகு இரண்டு தகராறு வந்தது. முதல் தகராறு மீசை. முகமூடி உட்காருகிற இடத்தில் அது கம்பளி மாதிரி இருந்ததால் காற்று ஓரமாக ஒழுகியது. எடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு, அம்மிணிக்கு வேற ஏதாச்சும் வேலை இருந்தாப் போய்ப் பார்க்கட்டும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். ஒரு முழு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மூக்கை ஒட்டிய மேல் வரிசையை மட்டும் குறைக்கச் சம்மதித்தார். இரண்டாவது, கரண்ட். கரண்ட் போனால் மெசின் மூச்சையும் இழுத்துக்கொண்டு போய்விடுமா என்று கேட்டார். போகாது, கழற்றிவிட்டுப் பழையபடி தூங்கலாம் என்று சொல்லிப் புரியவைத்தோம். எல்லாம் முடிந்தது, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்து ஊருக்கு அனுப்பினோம். நானும் டாக்டரும் எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

சில வாரம் கழித்து வந்தார். வராந்தா பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. முகமூடியைப் போடுகிறீர்களா என்று கேட்டார். தினமும் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன், காலையில் எழும்போதும் முகத்தில்தான் இருக்கிறது என்றார் அருமைக்காரர். டாக்டர் நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டார், பிறகு இன்னொரு விதமாகக் கேட்டார். அருமைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாலு பேரு கல்யாணத்த நடத்தி வெக்கறவனுங்க நான். மூக்குல மாட்டற ஒரு குழாய்க்காகப் பொய் பேசுவனுங்களா?"

அவர் போனதும் டாக்டர் என்னிடம், இந்த ஆள் போடுவதில்லை, அடுத்த தடவை தொண்டை ஆபரேசனுக்கு எழுதிவிடலாம், இனி தள்ளிப்போட்டால் என்றைக்காவது தூக்கத்திலேயே போய்விடுவார் என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். டாக்டரின் கணக்கு சரி. முகமூடி போட்டால் பகலில் தூக்கம் வராது, இவருக்கு வருகிறது, ஆகவே இவர் போடவில்லை. நீங்களும் இன்றைக்கு அந்தக் கணக்கைத்தான் போடுகிறீர்கள், கணக்கைக் கருவி போட்டுக் கொடுக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

எனக்கு என்னவோ அது ஒட்டவில்லை. பொய் சொல்வதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டும். அந்த மனுசனிடம் அது கொஞ்சமும் இல்லை. வாரத்தில் எனக்கு ஓய்வு கிடைத்த நாளில் ஆட்டையாம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து அவர் ஊருக்குப் போய் இறங்கினேன். மெசின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

மதியம் அரிசியும் பருப்பும் சேர்த்த சாதம் செய்து, மேலே நெய்யை ஊற்றி, போதும் என்றால் காது கேட்காதவர்கள் போல இன்னொரு கரண்டி வைத்தார்கள். அருமைக்காரர் இன்னும் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் விருந்தாளியிடம் அதைக் காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. சாப்பிட்டதும் நான் கேட்காமலே உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் படுத்து, முகமூடியைத் தானே ஒழுங்காக மாட்டிக்கொண்டு, பார்த்துக்கொள் என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். மெசின் ஓடியது. குறட்டை இல்லை. மார்பு சீராக ஏறி இறங்கியது. ஒரு குறையும் சொல்ல முடியாத தூக்கம்.

நான் கூடத்துக்கு வந்து பாயில் சாய்ந்தேன். நெய் தன் வேலையைக் காட்டியதில் கண் சொருகியது. பாவாயம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். டக், டக் என்று அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றது. அரைக் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மா தலையைச் சாய்த்து உள்ளறைப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் இருந்த கலவரத்தைப் பார்த்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. முறத்தை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார். நானும் ஓசைப்படாமல் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

புருசனின் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். அவர் கண்ணைத் திறக்காமல் ஏதோ முனகினார். அந்த அம்மா பழகின கையால் பின்பக்கப் பட்டையைத் தளர்த்தி முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெசினையும் நிறுத்தினார். நர்சாக இருந்த எனக்கே அவ்வளவு லாவகம் வராது. இரண்டு மூச்சில் பழைய குறட்டை ஜன்னல் அதிர வந்துவிட்டது. பாவாயம்மாளின் முகம் தெளிந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

கூடத்துக்கு வந்து இரண்டு பேரும் முறத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தோம். ஒரு கடலையை எடுத்து உடைத்தேன். அந்த அம்மாவே பேசினார்.

"நீங்க அத நோயிங்கறீங்க அம்மிணி. எனக்கு அந்தச் சத்தந்தான் தாலி. ஓடிட்டே இருக்கும், திடீர்னு நின்னு போகும். நின்னா எந்திரிச்சுப் போயித் தோளப் புடிச்சு உலுக்கோணும். ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுக்கா வரும். இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து இதானுங்க என்ற வேலை. இப்ப இந்த மெசினைப் போட்டா ஒரேயடியா நின்னு போவுது. நான் எப்படிங்க சும்மா படுத்துக்கறது?"

ராத்திரி எல்லாம் முகமூடியை நெற்றியிலேயே விட்டுவைத்து, விடிகிற நேரத்தில் அவர் எழுவதற்கு முன்னால் மறுபடி இறக்கி மாட்டி மெசினையும் போட்டுவிடுவாராம். இத்தனை பாடுபட்டு வரவழைத்த மெசின், கோபித்துக்கொள்வார் என்று பயம். பகலெல்லாம் தூங்கி வழிகிறாரே என்றால், ஆமாங்க, உசுரோட தூங்கி வழியறாருல்ல என்றார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தேன்.

சேலம் திரும்புகிற பஸ்ஸில் அதே நினைப்புதான். அந்த அம்மா செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. மெசின் இல்லாத வரைக்கும் சத்தம் நின்றால் மூச்சு நின்றது என்றுதான் அர்த்தம். அதே வீட்டுக்கு மெசினை அனுப்பிய நாங்கள், இனிமேல் சத்தம் இல்லாவிட்டால் நல்லது என்று ஒரு வார்த்தை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மீசையிடம் ஒரு முழு நாள் பேசிய நாங்கள் பெண்சாதியிடம் ஒரு நிமிசம் பேசவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றிக்கு ஏற்றிவிட்ட இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இத்தனை வருசம் அந்த ஆளை உயிரோடு வைத்திருந்த மெசின் வீட்டிலேயே இருந்திருக்கிறது, நாம் அதை என்ன ஏது என்று விசாரிக்கக்கூட இல்லை என்றார். அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டதில் அதுவும் ஒன்று. தன் கணக்கு தப்பு என்று தெரிந்ததும் அவர் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

அடுத்த தடவை இரண்டு பேரையும் வரச்சொன்னோம். டாக்டர் முதல் காரியமாக அருமைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டு, நீங்கள் சொன்னது நிசம், நான்தான் நம்பாமல் போனேன் என்றார். என்ன தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு அவரைப் படுக்கவைத்து மெசினை ஓடவிட்டு, பாவாயம்மாளை நான் பக்கத்தில் உட்காரவைத்தேன். முகமூடியில் காற்று வெளியே போகிற சின்னத் துளைக்கு நேராக உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். மூச்சு விடும்போதெல்லாம் அங்கே காற்று வேகமாக வரும். அப்புறம் கையை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். ஏறுகிறது, இறங்குகிறது. மெசின் சத்தத்தில் காது ஏமாந்துபோகும், கை ஏமாறாது என்று சொன்னேன். அந்த அம்மா கையை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் சரி, ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அருமைக்காரருடைய கட்டில் உள்ளறையில், பாவாயம்மாளுடையது கூடத்தில். பல வருசமாக அப்படித்தான். நெஞ்சில் கை வைக்க வேண்டுமென்றால் கட்டில் பக்கத்தில் வர வேண்டும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, இதை எப்படி வாயால் சொல்வது என்று கூச்சம். ஒருவழியாகச் சொன்னேன். பாவாயம்மாள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, மருமகள் வந்துவிட்ட வீட்டில் இந்த வயதில் கட்டிலைத் தூக்கி உள்ளே போட்டால் ஊர் என்ன பேசும் என்று மெதுவாகக் கேட்டார். அருமைக்காரர் முகட்டைப் பார்த்துக்கொண்டு மீசையை நீவினார். அங்கே குறைந்திருந்த மேல் வரிசையைத் தடவும்போது அவர் காதெல்லாம் சிவந்திருந்தது.

டாக்டர் பேனாவைத் திறந்தார். மருந்துச் சீட்டை எடுத்தார். தினமும் முகமூடி போடவும் என்று முதல் வரி எழுதினார். இரண்டாவது வரியில், கட்டிலை ஒட்டிப் போடவும் என்று தமிழில் பெரிதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையும் குத்தினார். யார் கேட்டாலும் இதைக் காட்டுங்கள், வைத்தியம் என்று சொல்லுங்கள் என்றார். பாவாயம்மாள் அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். மருமகளிடம் முதலில் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் வந்தபோது அருமைக்காரர் வராந்தாவில் மற்ற நோயாளிகளுக்கு நாட்டு நடப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டதும் எழுந்து வந்தார். டாக்டர் பெயரைக் கேட்டார். இந்த முறை இரண்டு பாதியும் வந்தது.

வைகாசிக் கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு. சம்பந்தி வீட்டார் அரை மனதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வேறு ஊர் அருமைக்காரர் ஒருவரையும் விருந்தாளி என்று சொல்லி வரவழைத்திருந்தார்கள். அவர் பந்தலின் முன்வரிசையில் வெள்ளைச் சட்டை கசங்காமல் உட்கார்ந்து, நம்மவரின் கண் இமையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து நடந்த சீர்களில் அந்த இமை ஒருதரம்கூடத் தாழவில்லை. பாவாயம்மாளும் தம்பதியாகச் செய்ய வேண்டியதையெல்லாம் கூட நின்று செய்து முடித்துவிட்டு, காலையில் மணவறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அருமைக்காரர் அருகம்புல்லை எடுத்தார். மைக்கை அவர் முன்னால் வைத்தார்கள். மேளம் நின்றது. பந்தல் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது. வேறு ஊர் அருமைக்காரர் பாதி எழுந்துவிட்டார். பார்த்தால் நம்மவர் கண்ணைத் திறந்துகொண்டு கம்பீரமாக நிற்கிறார். சத்தம் பாவாயம்மாளிடமிருந்து வருகிறது. தலை பின்னால் சாய்ந்திருக்க, வாய் லேசாகத் திறந்திருக்க, அந்த அம்மா நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார்.

தங்கை ஓடிவந்து அண்ணியின் தோளைத் தொடப் போனார். அருமைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். இரண்டு எட்டு வைத்து மனைவியிடம் வந்து குனிந்தார், அருகம்புல் பிடித்த கையின் புறங்கையை அவர் மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிறகு மணவறைக்குத் திரும்பிக்கொண்டே தங்கையிடம் தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது.

"எழுப்பாத கண்ணு. இத்தன வருசம் என்ற மூச்சுக்குக் காவல் இருந்தவ. விடியக்காலம் எந்திரிச்சு எனக்கு முகமூடிய மாட்டிவுட்டவ. தூங்கட்டும் உடு."

நான் வாக்குக் கொடுத்துக் காப்பாற்றிவந்த ரகசியம் தென்னை மரத்து ஒலிபெருக்கி வழியாகப் பக்கத்து ஊர் வரைக்கும் போனது. அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டதால் அவர் வாழ்த்தியதை நான் சரியாகப் பார்க்கவும் இல்லை. முகமூடி கழன்றது என்று உங்கள் கருவி கோள் சொல்லும்போது, கழற்றிய கை யாருடையது, அது எதற்குப் பயந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. பாவாயம்மாளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.